வாசல் வரிசைக்கு ஒரு டம்ளர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பஸ் வெள்ளிமலையில் வந்து நிற்கும்போது, உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டிருப்பார்கள். வளைவுகள் அப்படி. அன்றைக்கு எல்லாரும் இறங்கிய பிறகு, ஒரு அவசரமும் இல்லாமல், கடைசியாக இறங்கினார் என் அப்பா.

தோளில் ஒரு துணிப்பை. கையில் எவர்சில்வர் ஜக்கு. ஜக்குக்குள்ளே டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்தன.

“இன்னாப்பா இது, கைல?”

“ஓட்டல்ல குடுத்தாங்கம்மா. இடிக்கறதுக்கு முன்னாடி, ஆளுக்கொரு சாமான் எடுத்துக்கினு போங்கடான்னுட்டாரு மொதலாளி. அவனவன் அண்டா, குண்டான்னு தூக்கிக்கினு போனானுங்க. நான் இத எடுத்துக்கினேன்.”

“அம்மா இன்னா சொல்லிச்சு?”

“அது இன்னா சொல்லும். வூட்ல உக்காந்துக்கினு மோட்டுவளையப் பாக்காத, பொண்ணு மலைல ஒண்டியா கெடக்குது, கொஞ்ச நாளு போயி இருந்துட்டு வான்னு தொரத்தி வுட்ருச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முகம் ஒடுங்கியிருந்தது. சட்டை தோளில் நிற்கவில்லை.

சப்ளையர் சூசை

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் மலைவாசம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். செடிகள் வறட்சியை எப்படித் தாங்குகின்றன என்று முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தேன். கள்வராயன் மலையில் விளையும் சாமைதான் என் பயிர். பொன்னி அக்கா என்று ஒரு மலைக்காரப் பெண், தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தையும் ஒரு அறையையும் எனக்கு விட்டிருந்தார்.

அப்பாவைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் வேறு எதையாவது எழுதித் தள்ளிப் போட்டேன். இனி தள்ள முடியாது.

எங்கள் ஊர் களமருதூர். சுற்றிலும் நெல். ஆனால் எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. மீசை முளைக்கும் முன்பே அப்பா உளுந்தூர்பேட்டைக்குப் போய், நெடுஞ்சாலையோரத்து ஓட்டல் ஒன்றில் சப்ளையராகச் சேர்ந்துவிட்டார். வெளியூர் லாரி டிரைவர்கள்கூட “சூசை அண்ணே” என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

சின்ன வயதில் அம்மாவோடு அங்கே போய் மூலை டேபிளில் உட்கார்ந்திருக்கிறேன். வந்து உட்கார்ந்த ஆள் கர்சீப்பை எடுத்து முகம் துடைத்து முடிப்பதற்குள் அவர் முன்னால் தண்ணீர் வந்திருக்கும். அதன் பிறகுதான் “இன்னா சாப்புட்றீங்க?” ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போனாலும் அப்பாவுக்கு வருத்தமில்லை. தண்ணீர் வைக்கப் பிந்தினால்தான் அவருக்கு மனசு ஆறாது. அதிலும் வாசலை ஒட்டிய டேபிள் என்றால் ரொம்பக் கண்ணும் கருத்துமாக இருப்பார். வெயிலிலிருந்து வருகிறவன் முதலில் சாய்கிற இடம் அது என்பார்.

பிறகு நாலு வழிச் சாலை வந்தது. ஓட்டல் பாதி சாலைக்குள் போனது, மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலாளி விட்டுவிட்டார். வேறு ஓட்டல்களில் எல்லாம் சின்னப் பையன்களாகப் பார்த்து எடுத்தார்கள். அப்பா வீட்டில் உட்கார்ந்தார். அம்மா சொன்னபடி, பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவதும் பேச்சைக் குறைத்துக்கொள்வதும் அப்போது தொடங்கியதுதான்.

பட்டினி கிடக்கும் இலை

என் தோட்டம் என்பது மூங்கில் கழிகளின் மேல் பாலிதீன் போர்த்திய ஒரு பந்தல். மழை தப்பித் தவறியும் உள்ளே விழக்கூடாது. அதன் கீழே தொட்டிகளில் சாமை. ஒரு பக்கம் வேண்டிய அளவு தண்ணீர் குடிக்கும் வரிசைகள். இன்னொரு பக்கம் தண்ணீர் நிறுத்தப்பட்ட வரிசைகள்.

மறுநாள் காலையில் அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அளவெடுக்கும் கருவியையும் காட்டினேன். இலையை ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் கவ்விப் பிடித்து, அது எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்று சொல்லும் கருவி. பொன்னி அக்கா அதற்கு ‘ரத்தக்கொதிப்பு மிசினு’ என்று பெயர் வைத்திருந்தார். நம் மூச்சுக் காற்று பட்டால்கூட அளவு தாறுமாறாகிவிடும்.

“இலைக்கு வாய் இருக்குதுப்பா. பொடிப் பொடியா, கண்ணுக்குத் தெரியாது. அது வழியா காத்தை இழுத்து, தண்ணியையும் வெயிலையும் வெச்சி அதுக்கு வேணுங்கற சோத்த அதுவே ஆக்கிக்கும்.”

“சர்தான்.”

“ஆனா வாயைத் தொறந்தா உள்ள இருக்கற ஈரம் ஆவியாப் பூடும். மண்ணுல தண்ணி கம்மியாச்சுன்னா இன்னா பண்ணும் சொல்லு?”

“தாகம் எடுத்தா வாயத் தொறக்கும்.”

“அதான் இல்ல. மூடிக்கும். இருக்கற ஈரத்தக் காப்பாத்திக்கணும்ல? ஆனா மூடிக்கினா சோறு ஆக்க முடியாது. பட்டினி.”

அப்பா குனிந்து ஒரு வாடிய இலையைப் பார்த்தார். ஓரங்கள் சுருண்டு, இலை குழலாகியிருந்தது.

“அட பாவமே. தண்ணிக்குப் பயந்துக்கினு சாப்புடாம கெடக்குதா?” என்றார். அவர் குரலில் இருந்த கரிசனத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

அவருக்கு ஒரு வேலை கொடுத்தால் தேவலை என்று தோன்றியது. தண்ணீர் வரிசைகளை அவரிடம் ஒப்படைத்தேன். “இந்தப் பக்கம் தெனம் தண்ணி கட்டிடுப்பா. அந்தப் பக்கம் மட்டும் கட்டக் கூடாது. ஒரு நாளும் கட்டக் கூடாது, இன்னா?” என்றேன்.

தண்ணீர் கட்டுவது என்பது எங்கள் ஊர் வயல் பேச்சு. மடை திறந்து பாத்தி நிறையப் பாய்ச்சுவதைச் சொல்வது. தொட்டிச் செடிக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. எனக்கு வாய்ப் பழக்கம், வந்துவிட்டது.

“கட்டல. நீ சொல்லிட்டல்ல,” என்றார் அப்பா.

இரண்டொரு நாளில் ஆள் மாறிவிட்டார். தொட்டிகளை டேபிள் என்றே சொல்ல ஆரம்பித்தார். “மூணாம் டேபிள்ல ஒண்ணு பூச்சி அடிச்சிருக்குதும்மா.” “கடைசி டேபிள் இன்னிக்கு ஜாஸ்தி குடிச்சிச்சு.” கோழிகளைத் துரத்தினார். பொன்னி அக்காவின் களியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “உங்கப்பாரு வந்தன்னிக்கு இருந்த மொகமும் இப்ப இருக்கற மொகமும் வேற வேற, மேரி,” என்றார் அக்கா. எனக்கும் அது தெரிந்தது. மலைக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதில்லை.

தலைகால் புரியவில்லை

வறட்சி வரிசைகளில் பந்தல் வாசலை ஒட்டி ஒன்று இருந்தது. அது பொன்னி அக்கா வீட்டு விதை. அவர் கடைசி நேரத்தில் கொடுத்ததால், முறைப்படி மற்ற ரகங்களோடு கலந்து வைக்க நேரமில்லாமல், இடம் இருந்த வாசல் பக்கமாகத் தனி வரிசையாக வைத்துவிட்டேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதைப் படித்தால் இந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

ஒரு காலையில் அந்த வரிசையில் கருவியைக் கவ்வவிட்டேன். மற்ற வறட்சி வரிசைகள் எல்லாம் வாயை இறுக மூடிக் கிடக்க, இது பாட்டுக்குத் திறந்து வைத்துக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தது. கருவி கோளாறு என்று துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அதே கதை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்.

மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், மேலே காய்ந்திருந்தது. தொட்டியை எடை போட்டிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். தொட்டி நிறுக்கும் பெரிய தராசு பழுதாகி விழுப்புரம் போயிருந்தது; இலை நிறுக்கும் குட்டித் தராசுதான் கையில் இருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் இல்லாமலே இலையைத் திறந்து வைத்திருக்கும் சாமை! கள்வராயன் மலைச் சாமை! என் உதவித்தொகை அந்தப் பருவத்தோடு முடிகிறது; இதற்குமேல் ஒரு நல்ல முடிவு யாருக்குக் கிடைக்கும்? கச்சிராயபாளையம் இறங்கிப் போய், சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று, என் வழிகாட்டிப் பேராசிரியைக்குப் போன் போட்டேன். அவர் எடுத்ததற்கெல்லாம் மெச்சுகிறவர் இல்லை. “நானே வந்து பார்க்கிறேன்,” என்றார்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. “பேப்பர்ல போடுவாங்களாம்மா?”

“போடுவாங்கப்பா.”

“அப்போ நான் ஒரு சட்ட தெச்சிக்கறேன்,” என்றார்.

மேடம் வந்த மத்தியானம்

மேடம் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். அந்த நேரத்தில் நான் பந்தலில் இருப்பதில்லை. பறித்த இலைகளை அறைக்குள் வைத்து எடை பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு மேடத்துக்காக வெளியே நின்றேன்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் வரிசை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார். “நம்பவே முடியலை மேரி. இதுக்குத் தண்ணியே இல்லையா?”

“இல்லவே இல்ல மேடம்.”

அப்போது அப்பா வந்தார், ஜக்கும் டம்ளரும் கையுமாக. “வணக்கங்க மேடம். வெயில்ல வந்துக்கிறீங்க, மொதல்ல தண்ணி சாப்புடுங்க.” மேடம் வாங்கிக் குடித்தார். அப்பா எனக்கும் ஒரு டம்ளர் தந்தார். பிறகு, ஒரு மூச்சு நிறுத்தாமல், அப்படியே குனிந்து, வாசல் வரிசையின் முதல் தொட்டிக்கு ஒரு டம்ளர். அடுத்ததற்கு ஒரு டம்ளர். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

மேடம் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

“அப்பா! இன்னா பண்ற நீ?”

அப்பா நிமிர்ந்தார். “இன்னாமா?”

“தண்ணி கட்டாதேன்னு சொன்னேனே!”

“கட்டலியே,” என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். “கட்டறது அந்தப் பக்கந்தான், கொடம் கொடமா. இது வாசல் டேபிள். குடிக்க ஒரு டம்ளர் வெச்சேன். மத்தியானத்துல வாசல்ல இருக்கறதத் தாண்டிக்கினு எப்டிமா உள்ள போறது?”

“தெனமுமா?”

“தெனந்தான்.”

கிழிந்தது போ என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மலைச் சாமை, என் கண்டுபிடிப்பு, பேப்பர், எல்லாம் ஒரு டம்ளரில் போய்விட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

மேடம் கத்தவில்லை. எழுந்து, கையைத் துடைத்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “முதல்ல உங்க அப்பாவை ஊருக்கு அனுப்பிடுங்க. மீதி இருக்கிற வரிசைகளையாவது காப்பாத்துங்க.”

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அப்பா காதில் விழுந்துவிட்டது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அப்பா பையைக் கட்டி வைத்திருந்தார். போ என்று நான் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வெள்ளிமலை வரை நடந்தோம்.

பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். வந்த அன்றைக்கு இருந்த அதே முகம். மறுபடி போய் அந்த மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறார். இவரை அனுப்பிவிட்டு நான் எந்த இலையை அளந்து என்ன ஆகப் போகிறது என்று இருந்தது. ஆனால் மேடம் சொன்னதும் நியாயம். வாசல் வரிசை போனது போனதுதான். மற்றதும் போய்விட்டால் நான் வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான்.

“தெரிஞ்சிருந்தா பண்ணிருக்க மாட்டம்மா,” என்றார் அப்பா, சாலையைப் பார்த்தபடி.

“தெரியும்ப்பா.”

“வுடு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், கோச்சிக்காத. இன்னிக்கு மத்தியானம் அதுங்க தேடும்ல?”

“எதுங்க?”

“வாசல் டேபிளு. தெனம் வெச்சி வெச்சிப் பழக்கிட்டேன். இன்னிக்கு வரலன்னா அதுங்களுக்கு இன்னா ஆவும்?”

தண்ணீரே இல்லாமல் விட்ட செடி என்ன செய்யும் என்று தெரியும். நிறையக் குடித்த செடி என்ன செய்யும் என்றும் தெரியும். தினம் ஒரு வாய் குடித்துப் பழகிய செடிக்கு அந்த ஒரு வாயும் நின்றுபோனால்? என் தொட்டிகளில் நான் அதைக் கேட்டதே இல்லை.

பஸ் வந்தது. நின்றது. நடத்துனர் “கள்ளக்குறிச்சி! கள்ளக்குறிச்சி!” என்று தட்டினார். நான் அப்பாவின் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

“தெரியலப்பா. வா, பாக்கலாம்.”

முதலில் சாய்ந்தவை

அன்றிலிருந்து வாசல் வரிசைக்கு ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கு அதுதான் பெரிய பாடு. உச்சி வெயில் வந்தால் பந்தல் பக்கமே வரமாட்டார். பொன்னி அக்காவோடு உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். “போயி ஒரு எட்டு பாத்துட்டு வாயேன் அண்ணே,” என்று அக்கா சீண்டினால், “நீ சும்மா கெட தாயி,” என்பார்.

முதலில் சாய்ந்தது வாசல் வரிசைதான். நெடுநாளாகத் தண்ணீரே காணாத மற்ற வரிசைகள் சுருண்ட இலையோடு நின்றுகொண்டிருந்தன. அப்பா வளர்த்தவை தழைத்த அகலமான இலையோடு துவண்டு தொட்டி விளிம்பில் படுத்துவிட்டன.

வாசல் வரிசையில் ஒன்றும் மற்ற வறட்சி வரிசையில் ஒன்றுமாகத் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணைக் கழுவி, வேரைப் பார்த்தேன். காய்ந்த வரிசையின் வேர் ஈரத்தைத் தேடித் தொட்டியின் அடிவரை இறங்கிச் சுற்றியிருந்தது. வாசல் வரிசையின் வேர்கள் எல்லாம் மேலேயே, டம்ளர் தண்ணீர் விழுந்த இடத்தில் திரண்டிருந்தன. கீழே இறங்கவே இல்லை.

மேடத்துக்குப் போன் போட்டு உள்ளது உள்ளபடி சொன்னேன். நிறையக் கேள்வி கேட்டார். “ஒரே ஒரு வரிசையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அடுத்த பருவம் எல்லா ரகத்தையும் கலந்து வெச்சு முறையாப் போடுங்க. உதவித்தொகை நீட்டிக்கக் கேட்டுப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது,” என்றார். வைக்கும் முன்னால், “அப்பா போயிட்டாரா?” என்றார். “இல்ல மேடம்,” என்றேன். “சரி,” என்றார். அந்த ‘சரி’யில் கடுமை இல்லை.

திரும்பி வந்தபோது அப்பா கழுவி வைத்த வேர்களின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எதையும் மறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

வாசல் வரிசை வேரை எடுத்து விரலால் நீவினார்.

“செல்லம் குடுத்துக் கெடுத்துட்டனா?”

“அப்டியில்லப்பா.”

“நான் வெக்காம இருந்திருந்தா, இதுவும் அடி வரைக்கும் எறங்கி நின்னுருக்கும்.”

“வறட்சி வந்தா, ஆமாப்பா. நின்னுருக்கும்.”

“வராட்டி?”

“வராட்டி உன்னுதுதான் ஜோரா இருந்திருக்கும். எல பாத்தல்ல, எம்மாம் பெருசு.”

அப்பா யோசித்தார். “வருமா வராதான்னு அதுங்களுக்கு எப்டித் தெரியும்?”

“தெரியாது.”

“உனக்கு?”

“எனக்கும் தெரியாது.”

“யாருக்கும் தெரியாதுல்ல?” என்றார். “அப்போ எவனோ ஒருத்தன் தாகமா உக்காந்துக்கினு இருக்கறப்ப, நாளைக்கு உனுக்கு நல்லதுடான்னுட்டு நான் தாண்டிப் போவ முடியாதும்மா. என்னால ஆவாது.”

இந்த மனுஷனின் சம்பளத்தில்தான் நான் படித்தேன். எனக்கு வேண்டியது எதுவும் கேட்ட பிறகு வந்ததில்லை. கேட்கும் முன்னே வந்துவிடும். என் வேர் எதுவரை இறங்கியிருக்கிறது என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவர் அப்படி வளர்த்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

“வாசல் வரிசை அளவெல்லாம் எடுத்து முடிச்சிட்டேன்ப்பா,” என்றேன். “மிச்சம் இருக்கறதுக்கு நீ இன்னா வேணா பண்ணிக்கோ.”

சட்டென்று எழுந்தார். தொட்டி தொட்டியாகப் போனார். அன்றைக்கு ஒரு டம்ளரோடு நிறுத்தவில்லை.

கடைசித் தொட்டியிடம் நின்று, முதுகைத் திருப்பியபடியே கேட்டார்.

“உனக்கு இன்னா ஆவும்மா இப்போ?”

“இன்னும் ஒரு வருஷம் ஜாஸ்தி ஆவும்ப்பா. மொதல்லேர்ந்து போடணும். பணத்துக்கு வேற இன்னா பண்றதுன்னு தெரியல. இந்த மலையிலயே கெடக்கணும்.”

“கெடப்போம்,” என்றார் அப்பா. “நான் மட்டும் இன்னா, எங்க போவப் போறேன்.”